நான்கு தாள், ஓர் அட்டை, இரண்டு பின்

(ஓவிய மாணவர்களும் படக்கதை வாசகர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் கையில் இருக்கும் இந்தச் சிறு புத்தகத்தைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்றால் கைமாற்றி அனுப்புகிறேன், தொட்டுப் பாருங்கள். ஏ4 தாள் நான்கு. நடுவில் மடித்தால் 16 பக்கம். மேலே ஓர் அட்டை, மடிப்பில் இரண்டு பின். இதற்குக் கதை எழுதியவர், கோடு போட்டவர், ஜெராக்ஸ் எடுத்தவர், மடித்தவர், பின் அடித்தவர், உறையில் போட்டு முகவரி எழுதியவர் எல்லாம் ஒரே ஆள். அழைப்பிதழில் 'சுயாதீனப் படக்கதைக் கலைஞர்' என்று என்னைப் பற்றிப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் இதுதான் பொருள். இந்த வேலையை எனக்கு முன்னால் செய்தவர்களிடமிருந்து நான் கற்றதையும், கைசுட்டுக் கற்றதையும் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஜான் போர்செலினோ. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்காரர். 1968ல் பிறந்தவர். 1989ல், இருபத்தொரு வயதை எட்டாத நிலையில், 'கிங்-கேட்' என்ற பெயரில் ஒரு சிறு படக்கதை இதழைத் தானே ஜெராக்ஸ் எடுத்து வெளியிட்டார். இன்று வரை அது வந்துகொண்டிருக்கிறது. 80 இதழ்களைத் தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதே மடிப்பு, அதே பின்.

அந்த இதழைத் திறந்தால் முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும். நிழல் கிடையாது, தசைநார் கிடையாது, பின்னணியில் கட்டடங்களை நுணுக்கி வரைவது கிடையாது. ஒரே தடிமனில் ஒரு மெல்லிய கோடு. ஒரு மரம் என்றால் மரத்துக்கு எத்தனை கோடு போதுமோ அத்தனைதான். ஒருவர் நடந்து போகிறார், ஒரு பறவையைப் பார்க்கிறார், நிற்கிறார். கதை முடிந்தது. இரண்டாவது முறை படிக்கும்போதுதான், அந்த மூன்றாவது கட்டத்தில் அவர் நின்ற இடத்தில் நாமும் நின்றுவிட்டோம் என்று தெரியும். நான் ஓவியப் பள்ளியில் படித்த காலத்தில் கோடு அதிகமாக இருந்தால் உழைப்பு அதிகம் என்று நம்பினேன். போர்செலினோவைப் படித்த பிறகு என் பக்கங்களிலிருந்து பாதிக் கோட்டை எடுத்துவிட்டேன். எடுத்ததற்கு இன்று வரை வருந்தவில்லை.

அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பல வேலைகள் பார்த்தார். அதில் ஒன்று கொசு ஒழிப்புப் பணி. சாக்கடையும் குட்டையும் பார்த்து மருந்து ஊற்றுவது, இரவில் வண்டியில் போய்ப் புகை அடிப்பது. அந்த அனுபவத்தையே கதைகளாக வரைந்து 2005ல் ஒரு கொசு ஒழிப்பாளனின் நாட்குறிப்பாகப் புத்தகம் ஆக்கினார். உயிரைக் கொல்லும் தொழில் தன் மனத்துக்குள் என்ன செய்தது என்பதை ஒரு பிரசங்கமும் இல்லாமல் அதில் சொல்லியிருக்கிறார். பின்னால் உடம்பு படுத்திய பாட்டை, அறுவைச் சிகிச்சையை, மனத்தில் ஏற்பட்ட தீராத பதற்றத்தை எல்லாம் 'தி ஹாஸ்பிட்டல் ஸ்வீட்' என்ற நூலில் 2014ல் வரைந்தார். மான்ட்ரியலில் உள்ள டிரான் அண்ட் குவார்ட்டர்லி என்ற மதிப்புமிக்க பதிப்பகம் அவருடைய தொகுப்புகளைப் போடுகிறது. அதற்குப் பிறகும் அவர் ஜெராக்ஸ் இதழை விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

கிங்-கேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வாசகர் கடிதங்கள். இன்னொன்று, அந்தச் சில மாதங்களில் தனக்குப் பிடித்தவை என்று அவர் போடும் நாற்பது பொருள் பட்டியல். ஒரு பாட்டு இருக்கும், ஒரு பறவை இருக்கும், ஒரு தெருமுனை இருக்கும். தன்னைப் போன்ற மற்றவர்களின் சிற்றிதழ்களை வாங்கி விற்பதற்காக ஒரு சிறு விநியோக ஏற்பாட்டையும் அவரே நடத்துகிறார். அதாவது வரைவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தன் கதை ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வதையும், அங்கிருந்து ஒரு சொல் திரும்பி வருவதையும் அந்த இதழின் பகுதியாகவே ஆக்கிவிட்டார். நான் இன்று சொல்ல வந்ததன் மையம் இதுதான். தொடரை வரைபவர் அதன் உரிமையைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும். வாசகர் கையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் வேறு யாரோ செய்யும் எடுபிடி வேலை என்று ஒதுக்கக் கூடாது.

உரிமை என்று சொன்னேன். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபத்து நான்கு வயதில் ஓர் இதழில் ஒரு பக்கத் தொடர் வரையும் வாய்ப்புக் கிடைத்தது. பெயர் வேண்டாம். ஒரு சிறுவன், அவனோடு எப்போதும் ஓர் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிதான் கேள்வி கேட்கும், சிறுவன் பதில் தேடிப் போவான். இரண்டு வருடம் வரைந்தேன். தொடங்கிய அன்று ஒரு தாளைக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். 'சகல உரிமைகளும்' என்று அதில் இருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற வரியைத்தான் அன்று என் கண் பார்த்தது. சம்பளப் பேச்சில் ஒத்துவராமல் நான் விலகிய அடுத்த மாதமும் சிறுவனும் ஆட்டுக்குட்டியும் வந்தார்கள். வேறொருவர் வரைந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருக்கும் வேலை வேண்டும். ஆனால் என் ஆட்டுக்குட்டி கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தது. சில மாதம் கழித்து ஒரு தின்பண்ட விளம்பரத்தில் அதைப் பார்த்தேன். பேருந்தின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். சிக்னலில் நான் அதன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. படக்கதை உலகத்தின் முதல் பெரும் அநியாயமே இந்த ஊற்றிலிருந்துதான் வந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938ல் தாங்கள் படைத்த சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாத்திரத்தால் மற்றவர்கள் கோடிகளைக் குவித்த காலத்தில் அவர்கள் இருவரும் வறுமையில் இருந்தார்கள். பொதுமக்களின் கண்டனம் எழுந்த பிறகு, 1975ல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயர் குறிப்பும் கிடைத்தன. முப்பத்தேழு வருடம்.

வெற்றி பெற்றவர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்தது. சார்லஸ் ஷுல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சார்லி பிரவுனையும் ஸ்நூப்பி நாயையும் அறியாதவர் இங்கே குறைவு. 1950 அக்டோபர் 2ஆம் தேதி ஏழு நாளிதழ்களில் தொடங்கிய தொடர் அது. 'பீநட்ஸ்' என்ற பெயர் அவர் வைத்ததே இல்லை. நாளிதழ்களுக்குத் தொடரைக் கொடுத்த விநியோக நிறுவனம் வைத்தது. ஐம்பது வருடம் அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் அசையவில்லை. ஒரு நாளுக்கு வரும் படக்கதையைத் துண்டு என்போம். மொத்தம் 17,897 துண்டுகள், அத்தனையையும் தானே எழுதி, தானே வரைந்து, பேச்சுப் பலூனுக்குள் எழுத்தையும் தானே எழுதினார். உதவியாளர் வைத்துக்கொள்ளவில்லை. வயதான காலத்தில் கை நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் கோட்டில் தெரிந்தது, அதை அப்படியே விட்டார். கடைசி ஞாயிற்றுக்கிழமைத் துண்டு 2000 பிப்ரவரி 13 அன்று அச்சாகி வந்தது. அதற்கு முந்தைய இரவுதான் அவர் இறந்தார்.

ஷுல்ஸைக் குருவாக நினைத்த பில் வாட்டர்சன் வேறு வழியில் போனார். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்', ஒரு சிறுவன், அவனுடைய பொம்மைப் புலி. 1985 நவம்பரிலிருந்து 1995 டிசம்பர் 31 வரை பத்து வருடம். புலி பொம்மை செய்து விற்கலாம், பனியனில் போடலாம், கோப்பையில் போடலாம் என்று நிறுவனம் கேட்டது. கோடிக்கணக்கான பணம் காத்திருந்தது. அவர் மறுத்தார். ஒப்பந்தப்படி உரிமை அவரிடம் இல்லை, ஆகவே மறுப்பது எளிதாக இருக்கவில்லை. பல வருடம் மல்லுக்கட்டித்தான் ஒப்பந்தத்தை மாற்றி எழுத வைத்தார். அவருடைய காரணம் எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது. அந்தப் புலி சிறுவனின் கண்ணுக்கு உயிருள்ளது, மற்றவர் கண்ணுக்குப் பஞ்சு அடைத்தது. கடையில் பஞ்சுப் புலியைத் தொங்கவிட்டால் எது உண்மை என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டது போல் ஆகும், கதையின் உயிர் போய்விடும். என் ஆட்டுக்குட்டி பேருந்தின் பின்னால் போனபோது எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று வாட்டர்சனைப் படித்த பிறகே விளங்கியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மூன்று வருடம் நான் எதுவும் வரையவில்லை. ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், பள்ளி ஆண்டு மலர். இப்போதும் பகலில் அந்த வேலைதான். அங்கேதான் பக்கம் மடிக்கிற கணக்கைக் கற்றேன். 16 பக்கப் புத்தகத்தில் தாளின் ஒரே புறத்தில் அச்சாகும் இரண்டு பக்கங்களின் எண்ணைக் கூட்டினால் 17 வர வேண்டும். வெளித்தாளில் 16க்குப் பக்கத்தில் 1, அதன் முதுகில் 2க்குப் பக்கத்தில் 15. இந்தக் கணக்குத் தப்பினால் கதை ஏழாம் பக்கத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவும். ஒருநாள் மதிய உணவு வேளையில், வீணான தாளை மடித்து விளையாட்டாகக் கட்டம் போட்டேன். ஒரு கிழவி, ஓர் இஸ்திரி வண்டி. அப்படித்தான் 'பாக்கியம்' பிறந்தாள்.

ஒரு துண்டு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் அருகில் வைத்துக் காட்டுகிறேன். பாக்கியம் ஒரு சட்டையை உதறுகிறாள், பையிலிருந்து மடித்த காகிதம் விழுகிறது. இது முதல் கட்டம். கடைசிக் கட்டமும் எனக்கு அப்போதே தெரியும்: தேய்த்து அடுக்கிய துணிகளுக்கு மேலே அந்தக் காகிதம், சுருக்கமே இல்லாமல். நடுவில் இரண்டு கட்டம் வேண்டும். முதலில், அவள் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பதாக வரைந்தேன். பார்த்தால் வாசகருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற ஆவல் வந்துவிடும், கதை வேறு பக்கம் போய்விடும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை ஒரு வசனத்தில் சொல்லிப் பார்த்தேன். அது அவளைச் சிறுமைப்படுத்தியது. நான்கு நாள் அந்தத் தாள் மேசையில் கிடந்தது. ஐந்தாம் நாள், இரண்டாம் கட்டத்தில் அவள் காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைக்கிறாள், மூன்றாம் கட்டத்தில் அதன் மேல் ஓர் ஈரத்துணியைப் போட்டுப் பெட்டியை ஓட்டுகிறாள் என்று வந்தது. குப்புற வைத்ததிலேயே அவள் குணம் வந்துவிட்டது. வசனமே தேவைப்படவில்லை. நான்கு கட்டம் வாசிக்க எட்டு நொடி ஆகுமா? எனக்கு ஐந்து நாள் ஆனது.

வசனம் வேண்டிய இடத்தில் தமிழ் நமக்கு ஒரு கையில் சுமையையும் மறுகையில் வரத்தையும் தருகிறது. இதைப் பற்றி நம் ஓவியர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் சொற்கள் நீளம். 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' என்று ஒரு பலூனில் எழுதினால் இரண்டரை அங்குலக் கட்டத்தில் ஆளை வரைய இடம் இருக்காது. ஆகவே பேச்சு மொழிக்குப் போகிறோம். போனால் எந்த ஊர்ப் பேச்சு, அதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்ற கேள்வி வருகிறது. 'வச்சுட்டு' என்றா, 'வச்சிட்டு' என்றா? ஒரு தொடரில் ஒரு பாத்திரத்துக்கு ஒன்றை முடிவுசெய்தால் கடைசி வரை அதையே காப்பாற்ற வேண்டும். வரம் என்ன என்றால், 'வந்தாரு' என்பதோடு ஓர் 'ஆம்' சேர்த்து 'வந்தாராம்' என்று எழுதினால், சொல்பவர் தன் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டார் என்பது ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. பல மொழிக்காரர் இதற்கு இன்னொரு பலூன் போட வேண்டியிருக்கும். பாக்கியத்தின் தெரு வம்பு முழுக்க இந்த 'ஆம்' மேல்தான் நிற்கிறது.

அடுத்து புள்ளி. என் முதல் இதழை நூறு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், பாதி மெய்யெழுத்துகளில் புள்ளியைக் காணவில்லை. மெல்லிய நிப்பில் வைத்த புள்ளி, மங்கலாக ஓடிய இயந்திரத்தில் காற்றோடு போய்விட்டது. 'கல்' 'கல' ஆகிவிட்டது, 'அவள்' 'அவள' ஆகிவிட்டது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி ஓலையைப் பொத்தல் போட்டுவிடும். படிப்பவரே இடம் பார்த்துப் புள்ளியை மனத்தில் வைத்துக்கொள்வார். என் வாசகரிடம் அந்தப் புலமையை எதிர்பார்க்க முடியுமா? நூறு பிரதியிலும், வீட்டில் இருந்த எல்லோரும் உட்கார்ந்து, கறுப்புப் பேனாவால் புள்ளி வைத்தோம். என் தாயார் இருபத்தைந்து பிரதிக்கு வைத்தார். அன்றிலிருந்து புள்ளிக்கு மட்டும் தனியாகத் தடித்த நிப்பு வைத்திருக்கிறேன். இங்கே இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இந்த ஒன்றையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

பணத்துக்கு வருகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. உள்தாள் நான்கும் இருபுறமும் எடுக்க எட்டு ரூபாய். வண்ண அட்டை பன்னிரண்டு ரூபாய். ஆக, ஒரு பிரதிக்கு அடக்கம் இருபது. விலை நாற்பது வைக்கிறேன். கடையில் கொடுத்தால் நாற்பது சதவீதம் கழிவு, அதாவது பதினாறு ரூபாய். எனக்கு மிஞ்சுவது நான்கு. நானே மேசை போட்டு விற்றால் இருபது. இந்த நான்குக்கும் இருபதுக்கும் இடையில் உள்ள பதினாறு ரூபாய்தான் நான் வாரக் கடைசியில் சந்தைக்கும் விழாவுக்கும் பை தூக்கிப் போவதற்குக் கிடைக்கும் கூலி. இதில் குடும்பம் நடக்காது. நடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

பகல் வேலை பார்ப்பதில் இழுக்கு ஏதும் இல்லை. கிளீவ்லாந்து நகரத்தில் ஹார்வி பீக்கர் என்று ஒருவர் இருந்தார். முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கோப்புகளை அடுக்கும் எழுத்தர். அவருக்கு வரையத் தெரியாது. குச்சி மனிதர்களை வைத்துக் கதை எழுதி, நண்பர் ராபர்ட் கிரம்ப் போன்றவர்களிடம் கொடுத்து வரைய வைத்தார். 1976ல் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' என்று தன் கைக்காசில் வெளியிடத் தொடங்கினார். கடையில் வரிசையில் நிற்பது, சக ஊழியரோடு பேசுவது, இவைதான் கதை. நஷ்டப்பட்டார், தொடர்ந்தார். புகழ் வந்து, தொலைக்காட்சியில் தோன்றிய பிறகும் அந்த எழுத்தர் வேலையை விடவில்லை. 2001ல் ஓய்வு பெறும் வரை பார்த்தார். 2003ல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவே வந்தது. கனடாவைச் சேர்ந்த கேட் பீட்டன் கல்லூரிக் கடனை அடைக்க ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் வயல்களில் போய் வேலை செய்தவர். ஆண்கள் நிறைந்த அந்த முகாம்களில் இருந்த காலத்திலேயே வரலாற்றுப் பாத்திரங்களை வைத்து வேடிக்கைத் துண்டுகள் வரைந்து இணையத்தில் போட ஆரம்பித்தார். அந்த முகாம் வாழ்க்கையைப் பெரிய நூலாக 2022ல் கொண்டுவந்தார், பெயர் 'டக்ஸ்'. பகல் வேலை அவரிடமிருந்து நேரத்தை எடுத்தது, ஆனால் வேறு எங்கும் கிடைக்காத கதையைக் கொடுத்தது.

முழு நேரமாக இதில் நின்று வென்றவர்களும் உண்டு. ஜெஃப் ஸ்மித் கல்லூரி நாளிதழில் ஒரு தொடர் வரைந்தார். பெரிய விநியோக நிறுவனங்கள் ஒத்துவரவில்லை. 1991ல் 'போன்' என்ற பெயரில் தானே வெளியிடத் தொடங்கி, 2004 வரை 55 இதழ்களில் ஒரே கதையை முடித்தார். சேர்த்துக் கட்டினால் 1,300 பக்கத்துக்கு மேல். இன்று பள்ளி நூலகங்கள்தோறும் இருக்கும் புத்தகம். அதில் நான் கவனிக்கும் பெயர் விஜயா ஐயர். ஸ்மித்தின் மனைவி. கணினித் துறையில் இருந்த தன் வேலையை விட்டுவிட்டு வந்து, அச்சு, கணக்கு, விற்பனை, வெளிநாட்டு உரிமை அத்தனையையும் கையில் எடுத்தார். தனியாக நின்றார் என்று நாம் கொண்டாடும் பல கலைஞர்களுக்குப் பின்னால் முகவரிச் சீட்டு ஒட்டிய ஒரு கை இருக்கிறது. என் வீட்டிலும் இருக்கிறது. அந்தப் பெயரையும் அட்டையில் போடுங்கள்.

இப்போது எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறதே, தாள் எதற்கு என்று கேட்கிறார்கள். நானும் செல்பேசியில் வெளியிடுகிறேன். பக்கவாட்டில் ஓடும் நான்கு கட்டத்தை மேலிருந்து கீழாக அடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது மூன்றாம் கட்டத்தைப் பார்க்கும்போது நான்காவது கண்ணில் படாது. தாளில் ஓரக்கண்ணில் முடிவு தெரிந்துவிடும் தொல்லை இங்கே இல்லை. அது நல்லது. கெட்டது என்ன என்றால், ஒரு துண்டு பத்தாயிரம் பேருக்குப் போகும், வரைந்தவர் பெயர் இருக்கும் அடிப்பட்டையை யாரோ வெட்டியிருப்பார்கள். அதனால் பெயரைக் கட்டத்துக்குள்ளேயே, வண்டிச் சக்கரத்தின் ஓரத்தில் எழுதுகிறேன். பத்தாயிரம் பேர் பார்த்தும் ஒருவர்கூட ஒரு சொல் எழுதாத நாட்களும் உண்டு. தாளில் படித்தவர்கள் எழுதுகிறார்கள். ஏன் என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு: கையால் மடித்த ஒன்றைக் கையில் வாங்கியவருக்கு, மறுமுனையில் ஓர் ஆள் இருப்பது தெரிகிறது.

அப்படி வந்த ஒரு கடிதம். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய தாயார் முப்பது வருடம் இஸ்திரி வண்டி வைத்திருந்தவராம். "உங்கள் பாக்கியம் பெட்டியை நேராகச் சட்டை மேல் வைக்கிறாள். அம்மா அப்படி வைக்கவே மாட்டார். வண்டியின் ஓரத்தில் ஓர் ஈரச் சாக்கு மடித்து வைத்திருப்பார். கரி ஒட்டாமல் இருக்க, பெட்டியை அதில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் துணிக்குப் போவார்" என்று எழுதியிருந்தார். நான் அந்த வண்டியை எத்தனை தெருவில் நின்று பார்த்திருக்கிறேன்! சாக்கு என் கண்ணில் படவில்லை. அடுத்த இதழிலிருந்து பாக்கியத்தின் வண்டியில் சாக்கு இருக்கிறது. அந்தக் கடிதத்தையும் இதழில் போட்டேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண், தன் தாயாருக்கு அதைப் படித்துக் காட்டியதாகவும், தாயார் சாக்கைத் தொட்டுப் பார்த்ததாகவும் எழுதினார். இதழ் நாற்பது ரூபாய் என்று சொன்னேனே, இந்தக் கடிதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் மொழியில் படக்கதைக்கு வாசகர் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தினத்தந்தியில் 1960ல் தொடங்கிய கன்னித்தீவு தலைமுறைகளைத் தாண்டி ஓடியிருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972ல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸையும், 1984ல் வந்த லயன் காமிக்ஸையும் பழைய பெட்டியில் பூட்டி வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அந்த வாசிப்புப் பழக்கம் பெரிய சொத்து. ஆனால் அங்கே நாம் பெரும்பாலும் மற்ற நாட்டுக் கதைகளைத் தமிழில் படித்தோம். இஸ்திரி வண்டியும், ரேஷன் கடை வரிசையும், விடுதி அறையும், மீன் ஏலமும் தமிழ்க் கோட்டில் வர வேண்டும். அதை வரையப் போகிறவர்களுக்குப் பெரிய நிறுவனம் வந்து கதவைத் திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

தோக்கியோவில் 1975 டிசம்பரில், தாங்களே அச்சடித்த படக்கதைகளை விற்க 32 குழுக்கள் ஒரு கூடத்தில் கூடின. வந்தவர்கள் சுமார் 700 பேர். காமிக்கெட் என்ற அந்தச் சந்தைக்கு இன்று லட்சக்கணக்கில் வருகிறார்கள். நம் ஊர்ப் புத்தகக் காட்சிகளில் ஒருவர் மட்டும் அரங்கு எடுக்கக் கட்டுபடியாகாது. பத்துப் பேர் சேர்ந்து எடுங்கள். ஆளுக்கு ஒரு சாண் இடம் போதும். உரிமையை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் 'சகல உரிமைகளும்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் வைத்துக்கொண்டு நாலு பேரிடம் காட்டுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அரங்குக்கு வெளியே, தண்ணீர் வைத்திருக்கும் மேசைக்கு அடுத்த மேசையில், இந்த மாணவர்கள் ஆறு பேர் தாங்களே மடித்துப் பின் அடித்த ஆறு புத்தகங்கள் இருக்கின்றன. நேற்று இரவு முழுவதும் உட்கார்ந்து மடித்திருக்கிறார்கள். ஒன்றாவது வாங்குங்கள். கடைசிப் பக்கத்தில் வரைந்தவரின் முகவரி இருக்கிறது. படித்துவிட்டு, பிடித்ததோ தவறாகப் பட்டதோ, இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அஞ்சலட்டை இன்றும் 50 காசுதான். அதே மேசையில் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.